நார்சிசோவிடம் கேட்ட கேள்வி

அந்தப் பெண் வெள்ளை ஷூ போட்டிருந்தாள். மழை பெய்து ஊரே சேறாகக் கிடக்கும்போது வெள்ளை ஷூவோடு எங்கள் மலையடிவாரத்துக்கு வருகிறவள் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முட்டாளாக நடிக்கத் தெரிந்தவளாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் பட்டது.

அவள் என் கடைக்கு வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு தியோதோரா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"பூரிங், ஒருத்தி வீடு வீடா வந்து கேள்வி கேக்குறாடி. கையில பலகை மாதிரி ஒரு பெரிய போனு. நாட்டுக்காக உயிரைக் குடுப்பியான்னு கேக்குறா."

"எல்லா வீட்டுலயுமா?"

"இல்ல. ஒரு வீட்டுல கேக்குறா, அப்புறம் அஞ்சாறு வீட்டைத் தாண்டிப் போயி இன்னொரு வீட்டுல நிக்கிறா. கேட்டா, அதுதான் கணக்குங்குறா. என்ன கணக்கு? எந்த வீடுன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டுதான் வந்திருக்கா."

"உன்கிட்ட கேட்டாளா?"

"என்னைத் தாண்டிப் போயிட்டா. கேட்டிருந்தா, குடுப்பேன்னுதான் சொல்லியிருப்பேன். மாட்டேன்னு சொல்லிட்டு இங்க குடியிருக்க முடியுமா? ஆனா யாரு அனுப்புனாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்லணும். அதான் வம்பு."

அவள் சொன்னது நியாயம்தான். பகலில் பட்டாளத்துக்காரர்கள் என் கடையில் காப்பி குடித்துவிட்டு, நாட்டுக்காக என்று சொல்வார்கள். இராத்திரியில், அரசாங்கத்தை எதிர்த்து மலையேறிய பையன்கள் இறங்கி வந்து அரிசி வாங்கிக்கொண்டு, அவர்களும் நாட்டுக்காக என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேரும் சொல்கிற நாடு ஒன்றுதானா என்று கேட்கும் தைரியம் இந்த ஊரில் யாருக்கும் இல்லை. சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றிவிடுவோம்.

எனக்குப் பயப்பட அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் வீட்டுக்குள் காய்ச்சலோடு படுத்திருந்தது.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் நார்சிசோ பட்டாளத்தில் சேர்ந்தான். சின்னவன் அன்செல்மோ கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவன், ஒரு விடுமுறையில் வீட்டுக்கு வராமல் மலைக்குப் போய்விட்டான். நார்சிசோ நான்கு வருடங்களுக்கு முன்னால், மலையில் நடந்த ஒரு சண்டையில் செத்துப்போனான். மூடின பெட்டியும், முக்கோணமாக மடித்துக் கண்ணாடிக்குள் வைத்த கொடியும் வந்தன. கூடவே வந்த அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே குண்டுதாம்மா. பட்டதும் போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் தூங்கினேன்.

இப்போது சின்னவன் செல்மோ மலையிலிருந்து இறங்கி வந்திருந்தான். ஒரு நாள் விடியற்காலையில் பின்கதவைத் தட்டினான். துப்பாக்கி இல்லை, உடம்பில் சதையும் இல்லை. அவன் பெயர் எல்லாக் காவல் சாவடியிலும் இருந்தது. நடுவில் சொல்லாமல் ஓடி வந்ததால் மலையிலும் அவனைத் தேடினார்கள். சனிக்கிழமை என் தம்பியின் படகு தெற்குத் துறைக்கு வரும், அதில் ஏற்றி செபு தீவுக்கு அனுப்பிவிட்டால் ஏதாவது கட்டட வேலை பார்த்துப் பிழைத்துக்கொள்வான். அதுவரைக்கும் ஈ, காக்காய்க்குத் தெரியக் கூடாது. அந்த நேரத்தில்தான் இந்த வெள்ளை ஷூ வருகிறாள்.

வந்தாள். நேராக என் கடைக்குத்தான் வந்தாள்.

"வணக்கம்மா. என் பேரு ஜெனலின். தக்லோபன் டவுன்லருந்து வர்றேன். கருத்துக்கணிப்பு எடுக்கிறோம்."

தக்லோபன் என்றாள், பேச்சில் தக்லோபன் வாடையே இல்லை. நான் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றேன். என் உடம்பு அதற்கு லாயக்கான உடம்புதான். பின்னால் சுவரில் கொடிப்பெட்டி, அதற்கும் பின்னால் மறைப்புத் துணி, துணிக்குப் பின்னால் அவன்.

"இந்த வீட்டுல எத்தனை பேரும்மா?"

"நான் ஒருத்திதான். புருஷன் கடல்ல செத்துப்போயிட்டாரு."

அவள் ஏதோ தட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து உள்ளே அவன் இருமினான். சாதாரண இருமலா அது? தகரக் கூரையே அதிர்ந்தது.

ஜெனலின் தலையைத் தூக்கினாள். "உள்ள யாரோ..."

"மகன்" என்றேன். வேறென்ன சொல்ல? "நேத்துதான் வந்தான். காய்ச்சல்."

"பேரு?"

செல்மோ என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் அன்று மாலையே பட்டாளத்து வண்டி வந்து நிற்கும். பயத்தில் நாக்குக்கு எது பழக்கமோ அதைத்தான் அது சொல்லும். "நார்சிசோ" என்று சொல்லிவிட்டேன்.

"நார்சிசோவா?" அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்போ அக்டோபர் கடைசியில பொறந்திருப்பாரு! எங்க மாமா ஒருத்தரும் நார்சிசோதான். எங்க பாட்டி பிள்ளை பொறந்ததும் கோயில் காலண்டரைத்தான் பாப்பாங்க. அன்னிக்கு எந்தப் புனிதரோ அதான் பேரு. நீங்களும் அப்படித்தானே? உங்க பேரு?"

"பூரிங். முழுப் பேரு பூரிஃபிகாசியோன்."

"பிப்ரவரி ரெண்டு!" பரீட்சையில் ஜெயித்த பிள்ளை மாதிரி கையைத் தட்டினாள். "அப்போ உங்க மகன்தாம்மா. வீட்டுல யாருக்கு அடுத்ததாப் பொறந்தநாள் வருதோ அவங்ககிட்டதான் நாங்க கேக்கணும். அதுதான் விதி. இன்னும் ரெண்டு வாரத்துல அவருக்கு வருது. கூப்பிடுங்க."

வேறு தேதி சொல்லவும் வழியில்லை. எங்கள் ஊரில் பெயரைச் சொன்னாலே பிறந்த நாளும் சேர்ந்து வந்துவிடும். செத்தவனிடம் போய் நாட்டுக்காகச் சாவாயா என்று கேட்க வந்து நிற்கிறாள் இவள்.

"அவனால எந்திரிக்க முடியாதும்மா. என்கிட்டயே கேளேன்."

"அப்படி மாத்தக் கூடாதும்மா. எங்க மேலதிகாரி பின்னாடியே வந்து சரிபாப்பாரு. அவரு இல்லைன்னா நான் நாளைக்கு மறுபடியும் வரணும்."

நாளைக்கு மறுபடியும். அதிகாரியோடு. எந்த அதிகாரி? என்ன உடுப்பில்? நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் துணி விலகும் சத்தம் கேட்டது. செல்மோ போர்வையைச் சுற்றிக்கொண்டு தானாகவே வந்து, என் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான். அண்ணனின் பழைய சட்டையை நான்தான் போட்டுக்கொள்ளக் கொடுத்திருந்தேன். பக்கவாட்டில் பார்த்தால் எனக்கே ஒரு கணம் மூத்தவன் மாதிரித்தான் தெரிந்தான்.

"நார்சிசோ அண்ணே?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமா" என்றான்.

அவள் வரிசையாகக் கேட்டாள். இந்த நாட்டில் பிறந்ததில் பெருமையா? வேறு நாட்டில் குடியேற வாய்ப்பு வந்தால் போவீர்களா? அவன் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னான். நான் அவளுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பதிலுக்கு ஒரு தட்டு, சில பதிலுக்கு இரண்டு தட்டு. அந்த இரண்டாவது தட்டு எதற்கு?

"கடைசிக் கேள்வி அண்ணே. போர்னு வந்தா நாட்டுக்காக உயிரைக் குடுக்கத் தயாரா? கண்டிப்பா, ஒருவேளை, மாட்டேன். இதுல ஒண்ணைச் சொல்லணும்."

அவன் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண்டிப்பா" என்றான்.

தட்டினாள். அதோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நெஜமாவா அண்ணே? இங்க எல்லாரும் கண்டிப்பான்னுதான் சொல்றாங்க. என்னைக் கேட்டா பயந்து செத்துருவேன்" என்றாள்.

பொறி வைக்கிறாள் என்று நினைத்தேன். அவன் காலை மெல்ல மிதித்தேன். அவனுக்கு அது உறைக்கவே இல்லை.

"பயம் அப்புறந்தான் வரும் தங்கச்சி" என்றான். "நாட்டுக்காக டக்குனு செத்துருவோம்னு எல்லாரும் நெனச்சுக்கிறாங்க. அப்படி இல்ல. காலைல அடிபட்டா சாயங்காலம் வரைக்கும் ஆகும். நாட்டைப் பத்தி ஒரு பேச்சு வராது. தண்ணி கேக்கத் தோணும். அப்புறம் இடது கால் ஜில்லுனு இருக்கு, எதையாவது போட்டு மூடி விடுன்னு கேக்கத் தோணும். வெயில் கொளுத்தும், அப்பவும் அந்தக் கால் மட்டும் ஜில்லுனு இருக்கும்."

ஜெனலின் குனிந்து அவன் காலைப் பார்த்தாள். நானும்தான்.

நார்சிசோ ஒன்பது வயதில் தென்னையிலிருந்து விழுந்து இடது காலை ஒடித்துக்கொண்டவன். ஒடிந்தது கூடிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கால் எப்போதும் குளிர்ந்தே கிடக்கும். இராத்திரியில் அந்த ஒரு காலுக்கு மட்டும் உறை போட்டுக்கொண்டு தூங்குவான். அது இந்த வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

அவள் ஒரு மடக்கு விசிறியை அன்பளிப்பு என்று என் கையில் திணித்தாள். எழுந்தவள் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அந்தக் கொடி யாரோடதும்மா?" என்றாள்.

"என் புருஷனோடது."

கடலில் போனவருக்கு யார் கொடி மடித்துக் கொடுப்பார்கள்? அவள் அதைக் கேட்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சேற்றில் இறங்கிப் போனாள். அவள் நிஜமாகவே கணக்கு எடுக்க வந்தவளா, வேறு யாராவது அனுப்பி வந்தவளா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நல்லவளாகவே இருக்கட்டும். அன்றைக்கு அவளைப் பற்றிக் கவலைப்பட எனக்கு நேரமில்லை.

கடைப் பலகையை இறக்கிவிட்டு உள்ளே போனேன்.

"சாயங்காலம் வரைக்கும்னு உனக்கு யாரு சொன்னா?"

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒரே குண்டு, பட்டதும் போயிட்டான்னு அந்த அதிகாரி சொன்னாரு. நீ எப்படிடா சாயங்காலம்னு சொல்ற?"

"அம்மா..."

"அம்மான்னு கூப்பிடாத. சொல்லு."

"நான் கூட இருந்தேன்" என்றான். "மத்தவங்க எல்லாம் ஓடிட்டாங்க. துப்பாக்கியை எடுக்கலாம்னு போய்ப் பாத்தேன். தொப்பி விழுந்து கெடந்துது. அப்பதான் மூஞ்சியைப் பாத்தேன். பாறைக்குக் கீழ இழுத்து வெச்சேன். தண்ணி குடுத்தேன். என் சட்டையைக் கழட்டிக் காலை மூடினேன். அண்ணன் என்னைத் திட்டவே இல்லம்மா. சாப்பிட்டியான்னு கேட்டான்."

அது என் நார்சிசோதான். சந்தேகமே இல்லை, சாகும்போதும் அதைத்தான் கேட்டிருப்பான்.

"யாரு சுட்டது?"

"தெரியல."

"தெரியலையா, சொல்ல மாட்டியா?"

அவன் முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டான். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"எல்லாரும் சுட்டோம்மா."

ஓங்கி ஒரு அறை விட்டேன். இன்னொன்றும் விட்டேன். காய்ச்சல் உடம்பு, கை சுட்டது. அவன் தடுக்கவே இல்லை. ஒருத்தனுக்காக அழுதால் இன்னொருத்தனைக் கொல்ல வேண்டும்போல் இருந்தது; இவனைப் பார்த்து இரக்கப்பட்டால் அவன் மண்ணுக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. தெருமுனைச் சாவடி கூப்பிடு தூரம்தான். ஒரு சத்தம் போட்டால் போதும். வாசல் வரைக்கும் போனேன். அங்கே நின்று வெகுநேரம் அந்தச் சாவடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்துப் பையன்கள் இருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வரைக்கும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கஞ்சியை வைப்பேன், குடிப்பான். வெள்ளிக்கிழமை மாலை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி கேட்டான்.

"அம்மா, துறையில பேரு கேப்பாங்க. அண்ணன் பேரையே சொல்லிக்கட்டுமா? அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட எடுபட்டுச்சு."

என்ன நெஞ்சழுத்தம் இவனுக்கு! உயிரையும் எடுத்துவிட்டுப் பெயரையும் கேட்கிறான். மறுபடியும் அறைவதற்குக் கை எழுந்தது. பிறகு யோசித்தேன்.

"எடுத்துக்கோ" என்றேன். "ஆனா ஒண்ணு. ஒரு நாளைக்கு மட்டும் இல்ல. போற எடத்துல எல்லாம் அதான் உன் பேரு. கொத்தனாரு கூப்பிட்டாலும், நாளைக்குக் கட்டிக்கிட்டவ கூப்பிட்டாலும் அவன் பேரைத்தான் கூப்பிடணும். ஒவ்வொரு தடவையும் நீ திரும்பிப் பாக்கணும். சாகுற வரைக்கும் பாக்கணும். முடியுமா உன்னால?"

அவன் கண்ணில் நீர் தளும்பியது. "வேண்டாம்மா. வேற ஏதாவது பேரு வெச்சுக்கறேன்" என்றான்.

"வேற பேரே உனக்குக் கிடையாது" என்றேன்.

சனிக்கிழமை பகலில் தெற்குத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மீன் கூடைகளுக்கு நடுவில் என் தம்பியின் படகு ஆடிக்கொண்டிருந்தது. படகுத்துறை வாயிலில் ஒரு பட்டாளத்துப் பையன் முக்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தான். மீசை கூட முளைக்காதவன். எங்கள் முறை வந்தது.

"பேரு?" என்றான்.

செல்மோ வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பையன் நிமிர்ந்து பார்த்தான், கை துப்பாக்கிப் பட்டையைச் சரிசெய்தது. "உங்களைத்தான். பேரு என்ன?"

செல்மோ என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவன் தோளில் கை வைத்து முன்னால் நகர்ந்தேன்.

"நார்சிசோ" என்றேன். "என் மூத்த மகன்."

பையன் தலையை ஆட்டி வழி விட்டான்.