பாறையில் விட்ட மாப்பிள்ளை

படகில் முன்னால் உட்கார்ந்தவன் வேலையில் ஏமாற்றவே முடியாது. பின்னால் இருப்பவனுக்கு அவன் முதுகும் துடுப்பும் தெரிந்துகொண்டே இருக்கும். மாப்பிள்ளை அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. துடுப்பைத் தண்ணீரில் நனைப்பதும் எடுப்பதுமாக ஒப்புக்குச் செய்துகொண்டிருந்தான். பின்னால் மெக்கானிக் ஒண்டியாளாக மூச்சு வாங்கினான்.

பள்ளிக்கூட நாளிலிருந்து இருவரும் வாடா போடா சிநேகம். மெக்கானிக்தான் வலியப் போய்த் தன் தங்கையை அவனுக்குக் கட்டிவைத்தான். கல்யாணமானதும் 'வாடா' போய் 'வாங்க மாப்பிள்ளை' வந்தது. கூடவே மாப்பிள்ளைக்குத் தலைக்கனமும் வந்தது. இப்போது தங்கை கைக்குழந்தையோடு அண்ணன் வீட்டில். ஏன் என்று கேட்டால், "கதவைச் சாத்தினா அவர் வேற ஆளு அண்ணா" என்பாள். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டாள். எந்த வீட்டில்தான் சண்டை இல்லை என்று நினைத்தான் அண்ணன். எப்படியாவது அவளைப் புருஷனோடு சேர்த்து அனுப்பிவிட வேண்டும். அதற்காகத்தான் கூடாரம், மீன் என்று ஆசை காட்டி இந்தக் காட்டு ஏரிக்குக் கூட்டி வந்தான். இன்னொரு படகில் சாமான்களோடு வந்த நண்பன் நெட்டை, அக்கரையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான்.

ஏரி நடுவில் ஒரு பாறை. அங்கே மீன் நன்றாகக் கடிக்கும் என்று மாப்பிள்ளை லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு, தூண்டிலோடு ஏறி நின்றான்.

"தங்கச்சியை எப்ப வந்து கூட்டிட்டுப் போறீங்க மாப்பிள்ளை?"

"மீன் பிடிக்க வந்தமா, பஞ்சாயத்துப் பண்ண வந்தமா? அவளுக்குத் திமிரு. அவளா இறங்கி வரட்டும், பாக்கலாம்."

மெக்கானிக்குக்குச் சுர்ரென்று ஏறியது. துடுப்பால் பாறையை ஒரு தள்ளு தள்ளினான். படகு விலகியது.

"டேய், எங்கடா போற? எனக்கு நீச்சல் தெரியாதுடா!"

"தெரியும். தங்கச்சியைக் கூட்டிட்டுப் போக வரேன்னு சொல்லு, ஏத்திக்கிறேன்."

மரியாதை அதோடு முடிந்தது. காற்று எழுந்து அலை பாறைமேல் ஏறியது. மாப்பிள்ளை அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். கால் நனைந்ததும் கெஞ்சினான். மெக்கானிக்குக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

"சரிடா! நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போறேன். சத்தியமா!"

காரியம் முடிந்தது என்று படகைத் திருப்பினான். படகு கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததும் மாப்பிள்ளைக்குப் பயம் போய்விட்டது. சிரித்தான்.

"கூட்டிட்டுப் போறேன் மச்சான். இன்னைக்கு நீ செஞ்சதுக்கு அங்க அவ பதில் சொல்லுவா. நான் ஒண்ணும் அவசரப்படமாட்டேன்."

சத்தம் போடாமல், தண்ணீர் கேட்பது போலச் சொன்னான். இத்தனை வருஷப் பழக்கத்தில் மெக்கானிக் இந்தக் குரலைக் கேட்டதே இல்லை. தங்கை தினமும் கேட்டிருக்கிறாள்.

அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போகத்தான் மனசு சொன்னது. பல்லைக் கடித்துக்கொண்டு படகைப் பாறையோடு ஒட்டினான்.

"ஏறு. நெட்டை உன்னை பஸ் ஏத்தி விடுவான். நாளைக்கு என் வீட்டு வாசப்படியை மிதிச்சே, காலு இருக்காது."

"நீதானேடா கூட்டிட்டுப் போகச் சொன்னே?"

ஆமாம், அவன்தான் சொன்னான். இவனிடம் மட்டுமா? காலையில் கிளம்பும்போது, "நாளைக்கு மாப்பிள்ளையைக் கையோட கூட்டிட்டு வரேன், பெட்டியைக் கட்டி வை" என்று தங்கையிடமும் அதட்டிவிட்டு வந்திருந்தான். அவள் உடனே பெட்டியை எடுக்கப் போனாள். வேண்டாமென்று போனில் சொல்லலாமென்றால் காட்டுக்குள் சிக்னல் இல்லை. இந்நேரம் குழந்தையின் துணிகளைக்கூட மடித்து வைத்திருப்பாள்.