ஒரு பல் கீழே

எங்கள் கராஜில் பதினோரு வருடமாக ஒரு கார் குடியிருக்கிறது. அதனால் என் கார் வெளியே நிற்கிறது. மிச்சிகனில் குளிர்காலம் நான்கு மாதம் என்று வானிலைக்காரன் சொல்வான். தினமும் காலையில் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டுகிறவளைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்வாள்.

உள்ளே சொகுசாக இருப்பது 1969-ம் வருடத்து பாண்டியாக் ஃபயர்பேர்ட். எட்டு சிலிண்டர், மடக்குக் கூரை. என் புருஷன் வெர்லின் அதை இந்தியானாவில் ஒரு கோழிக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்த அன்று, எங்கள் நாய் அதில் தாவி ஏறி, துருப்பிடித்த தரையின் ஓட்டை வழியாகக் கீழே விழுந்தது. மூன்றே வருடத்தில் முடித்துவிடுவேன் என்றான் வெர்லின். அந்த நாய் செத்தே ஆறு வருடம் ஆகிறது.

எஞ்சினைப் பிரித்து அடுக்கியது என் சாப்பாட்டு மேஜையில். கார்புரேட்டரைக் கழுவியது என் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில். அதற்கப்புறம் ஒரு மாதம் காபி குடித்தால் பெட்ரோல் வாசம் அடித்தது. ஆனால் நானும் வெறுமனே வேடிக்கை பார்த்தவள் இல்லை. முப்பது வருடம் கார் இருக்கை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவள். அந்தக் காருக்குக் கூரைத் துணி தைத்தது நான்தான். ஜாக்கியை எங்கே முட்டுக் கொடுப்பது என்றும் எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்ததுதான் வினையாகப் போயிற்று.

போன கோடையின் முடிவில் வெர்லினின் கண்ணில் கோளாறு வந்தது. ஓரங்கள் தெரியும், நேரே பார்க்கிறது மட்டும் நடுவிலிருந்து கரையும். ஊசி போட்டுத் தள்ளிப்போடலாம், சரிசெய்ய முடியாது என்றார் டாக்டர். ஒரு வருடமோ, அதிர்ஷ்டம் இருந்தால் ஒன்றரை வருடமோ பகலில் கார் ஓட்டலாம் என்றார். வெர்லின் வீட்டுக்கு வந்ததும் ஆகஸ்ட் வரைக்கும் விரல்விட்டு எண்ணினான். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வுட்வர்ட் சாலை முழுக்கப் பழைய கார்கள் ஊர்ந்து போகும். நாங்கள் ஒவ்வொரு வருடமும் மடக்கு நாற்காலி போட்டு ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்போம். கண் இருக்கும்போதே ஒரு தடவை அந்த வரிசைக்குள் தன் காரை ஓட்டிப் போக வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

பெரிய வேலை என்று மிச்சம் இருந்தது தரையும், கதவுகளுக்குக் கீழே ஓடும் இரும்புச் சட்டமும். எங்கள் ஊர்ச் சாலைகளில் பனிக்குக் கொட்டுகிற உப்பு இரண்டையும் தின்றுவிட்டிருந்தது. மடக்குக் கூரை வண்டிக்கு மேலே பிடிப்பு கிடையாது, கீழே இருக்கிற அந்தச் சட்டம்தான் முதுகெலும்பு. அதை வெட்டி எடுக்கும் முன் கதவு வாயின் குறுக்கே குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். கார் பைத்தியம் பிடித்த எவனுக்கும் இது தெரியும். வெர்லின் கேட்கவில்லை. குழாய் வைத்தால் உள்ளே புகுந்து வேலை செய்ய இடைஞ்சல் என்றான். அதற்குப் பதிலாக வண்டியின் வயிற்றுக்கடியில் இரண்டு பக்கமும் உயரத்தைப் பல் பல்லாக ஏற்றி இறக்குகிற ஸ்டாண்ட் ஒவ்வொன்று கூடுதலாகக் கொடுத்து, அரை நாள் படுத்துக் கிடந்து அளந்து அளந்து நிறுத்தினான். பிறகு பழைய சட்டத்தை வெட்டி எடுத்தான்.

மறுநாள் மதியம் கண்ணில் ஊசி போட மகள் அவனைக் கூட்டிப் போனாள். நவம்பரில் மான் வேட்டைக்கு அனுமதி தொடங்கிய வாரம் அது. மருமகன் அறுபது பவுண்டு மான்கறியைப் பொட்டலம் பொட்டலமாக வாசலில் இறக்கிவிட்டுப் போனான். எங்கள் ஃப்ரீஸர் கராஜில், காரின் டிரைவர் பக்கத்துச் சுவரோரம் இருக்கிறது. அதன் முன்னால் நான் நிற்க வேண்டிய இடத்தில் அந்த வயிற்று ஸ்டாண்ட் கால் பரப்பிக்கொண்டிருந்தது. ஜாக்கி கொடுத்து லேசாகத் தூக்கி, ஸ்டாண்டை உருவி எடுத்துவிட்டு, ஜாக்கியையும் இறக்கி ஓரமாகத் தள்ளினேன். கறியை அடுக்கி முடித்துத் திரும்ப வைக்கப் போனால் ஸ்டாண்ட் உள்ளே நுழையவில்லை. ஒரு பல் இறக்கி வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அந்த நேரத்துக்குள் வண்டி தொய்ந்துவிட்டது என்று என் மண்டையில் உறைக்கவில்லை. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டு உள்ளே போய் சோளரொட்டிக்கு மாவு கலந்தேன்.

வெர்லின் மறுநாள் காலையில் புதுச் சட்டத்தை வைத்து வெல்டிங் செய்தான். இரண்டு நாள் முன்புதானே அளந்தோம் என்று மறுபடி அளக்கவில்லை.

மார்ச்சில் கதவுகளை மாட்டினோம். பயணி பக்கத்து வலது கதவு பட்டென்று மூடியது. டிரைவர் பக்கக் கதவு ஒரு விரற்கடை இடித்தது. கீலை மாற்றினான், தகடு வைத்தான், தோளால் தள்ளினான், மூடவில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்து, அளந்தது தன் தப்புதான், கண் ஏமாற்றிவிட்டது என்றான். நான் காபிக் கோப்பையோடு வாசலில் நின்றிருந்தேன். அந்த நிமிடமே எனக்கு அந்த ஸ்டாண்ட் ஞாபகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

முதலில் வெட்கம். அப்புறம் அதைவிடக் கேவலமான ஒன்று. இனி இந்தக் கார் போய்விடும் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கராஜ் கிடைக்கும், சாப்பாட்டு மேஜை கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன்.

ஆனால் வெர்லின் விட்டது காரை மட்டும் இல்லை. அளவு நாடாவைத் தொடுவதை விட்டான். கடைக்கு ஓட்டிப் போவதை விட்டான், டாக்டர் இன்னும் தடை சொல்லவில்லை என்றாலும். புல் வெட்ட ஆள் வைக்கச் சொன்னான். எழுபத்திரண்டு வயது மனிதன் பகலெல்லாம் டிவியைப் பார்க்காமல் அதன் பக்கத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஜூனில் காரை டெல்மருக்குக் கொடுத்துவிடுவதாக வாக்குக் கொடுத்தான். டெல்மர் அவனோடு கார்த் தகட்டை அழுத்தும் இரும்பு அச்சுகள் செய்யும் பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவன், அந்தக் காரின் மேல் முதல் நாளிலிருந்தே கண் வைத்தவன்.

அந்த வாரச் சனிக்கிழமை காலை டெல்மர் டிரெய்லரோடு வந்தான். வெர்லின் காபி டப்பாக்களில் போட்டு வைத்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்து, எது எங்கே போகும் என்று சொன்னான். டெல்மர் வடக்கயிற்றைக் காரின் கொக்கியில் மாட்டும்போது வெர்லின் கதவில் கை வைத்தான்.

"முன்னாடியே சொல்லிடறேன், டெல்மர். இது மூடாது. நான் அளந்தது தப்பு. கண்ணு தெரியாதவன் கையில வேலையைக் குடுத்தா இப்படித்தான்."

"அடப் போடா," என்றான் டெல்மர். "உனக்குக் கண்ணு நல்லா இருந்தப்பவே நீ ஒழுங்கா அளந்ததில்ல."

இருபது வருடமாக அவர்கள் ஒருவரை ஒருவர் இப்படித்தான் சீண்டிக்கொள்வார்கள். வெர்லின் இந்நேரம் டெல்மர் கெடுத்த அச்சுகளின் பட்டியலை ஆரம்பித்திருக்க வேண்டும். அவன் ஆரம்பிக்கவில்லை.

"ஆமா," என்றான். "இருக்கலாம்."

அந்த 'ஆமா'வை என்னால் தாங்க முடியவில்லை.

"அவன் அளந்தது சரிதான்," என்றேன். "ஸ்டாண்டை எடுத்தது நான்."

வெர்லின் என் பக்கம் திரும்பினான். இப்போதெல்லாம் என்னைப் பார்க்க அவன் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும்.

"என்னிக்கு?"

"உனக்கு ஊசி போட்ட அன்னிக்கு. மான்கறி வைக்க வழி இல்லன்னு உருவினேன். திரும்ப ஒரு பல்லு கீழே வச்சேன்."

"கதவு மாட்டினப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"மூணு மாசமா நான் இந்தக் கண்ணைத் திட்டிக்கிட்டு இருந்தேன், நெல்டா."

"அலுத்துப்போச்சு, வெர்லின். இது தொலைஞ்சாச் சரின்னு இருந்துச்சு."

 டெல்மர் யாரும் சொல்லாமலே கொக்கியைக் கழற்றினான். கயிற்றைச் சுற்றிக்கொண்டே, ஒரு மான்கறிக்காகத் தன் சனிக்கிழமை போயிற்று என்று முணுமுணுத்தான். காலி டிரெய்லர் தெருமுனை வரைக்கும் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு போனது.

மதியம் பீன்ஸும் சோளரொட்டியும் வைத்தேன். வெர்லின் தலை நிமிராமல் சாப்பிட்டான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டைக் கழுவுகிற இடத்தில் வைத்துவிட்டு கராஜுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் கருவிப் பெட்டியின் இழுப்பறைகள் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"நெல்டா. பேப்பரும் பென்சிலும் எடுத்துட்டு வா."

போனேன். இரண்டு நீளக் குழாய்களைத் தேடி எடுத்துக் கதவு வாயின் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தான். சட்டத்தை வெட்டி எடுத்து முதலிலிருந்து செய்ய வேண்டும், இந்தத் தடவை குழாய் வைத்துத்தான் என்றான். இந்த ஆகஸ்ட் கிடையாது, அடுத்த ஆகஸ்டைப் பார்க்கலாம் என்றான். அதற்குள் இன்னொரு குளிர்காலம் இருக்கிறதே என்று என் தோள்பட்டை நினைத்துக்கொண்டது. அடுத்த ஆகஸ்டில் அவன் கண்ணில் என்ன மிச்சம் இருக்கும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"முப்பது வருஷம் ஆலையில என்னதான் கத்துக்கிட்ட நீ? ஒரு ஸ்டாண்டைத் திரும்ப வைக்கத் தெரியல," என்றான்.

மார்ச்சுக்கு அப்புறம் அவன் என்னைத் திட்டியது அன்றைக்குத்தான். நான் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.

"என் அளவு சரியாத்தான் இருந்திருக்கு, பாரு," என்றான். நாடாவை இழுத்து, கதவு வாயின் மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்குப் பிடித்தான். தலையைச் சாய்த்தான், கிட்டே போனான், பின்னால் வந்தான். "எழுது. நாற்பத்தாறே முக்கால்."

நான் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் நாடாவில் நாற்பத்தைந்தே கால் மேல் இருந்தது.

நாற்பத்தைந்தே கால் என்று எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"என்ன எழுதின, படி பாப்போம்."

"நாற்பத்தாறே முக்கால்," என்றேன்.

அவன் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நாடாவை அடுத்த மூலைக்கு நகர்த்தினான். இந்தத் தடவை அவன் வாசிக்கும் முன்பே நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.