பாதி மேடை

ஊரில் பாதிப் பேருக்குக் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவர் அவர். கட்டிய மனைவி மேடையில் ஆடுவதை மட்டும் அவருக்குப் பார்க்கத் தெரியாது. நிகழ்ச்சி முடிந்து வியர்வை காயாமல் அவள் வந்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். "சூப்பர்" என்பார்.

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "புது சோபாவுக்கும் சூப்பர், பக்கத்து வீட்டு நாய்க்கும் சூப்பர், எனக்கும் சூப்பரா? பாத்ததைச் சொல்லுங்க. இல்லன்னா இனிமே வராதீங்க."

மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நூலக மாடியில் நடனம் பார்க்கச் சொல்லித்தரும் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். நடத்தியவள் பத்திரிகையில் நடன விமர்சனம் எழுதுகிறவள். அவரைவிட ரொம்பச் சின்னவள், வாய் மட்டும் பெரிசு. முதல் நாளே ஒரு நடனத்தைத் திரையில் ஓட்டிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள்.

"மனசை உருக்கிட்டாங்க" என்றார் இவர்.

"உருகினது உங்க மனசு, சார். அவங்க என்ன பண்ணாங்க?"

கண்ணாடிக்காரருக்கு முழி பிதுங்கியது. மனைவி கோபித்துக்கொண்ட கதையைச் சொன்னார். வகுப்புக்காரி சிரித்துவிட்டாள்.

"வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் இதே வியாதிதான். முகத்தையே பாப்பீங்க. முகம் சிரிச்சா ஆட்டம் நல்லாருக்குன்னு கிளம்பிடுவீங்க. கையை நீட்டி மேடையில மேல் பாதியை மறைங்க. காலை மட்டும் பாருங்க."

மனைவியின் அடுத்த நிகழ்ச்சி லேசுப்பட்டதல்ல. குழு வெளிநாடு போகிறது. முதன்மை ஆட்டம் யாருக்கு என்று இயக்குநர் அன்றுதான் முடிவு சொல்வார். பல வருடமாக அவள் ஏங்கிய இடம் அது.

இவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை அம்மாள், "வெளிச்சம் கண்ணைக் குத்துதா?" என்று விசாரித்தார்.

"இல்லைங்க, என் பொண்டாட்டி முகத்தை மறைக்கிறேன்."

அந்த அம்மாள் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

எல்லாரும் குதித்து இரண்டு காலிலும் இறங்கினார்கள். அவளுக்கு மட்டும் வலது கால் முதலில் இறங்கியது, இடது கால் பின்னால் வந்தது. மற்றவர்கள் இடது காலை ஊன்றிச் சுற்றிய இடத்தில் அவள் வலது காலை ஊன்றிச் சுற்றினாள். கையை இறக்கிப் பார்த்தார். முகம் ஜொலித்துக்கொண்டிருந்தது. அரங்கமே கை தட்டியது. அவருக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நாளாக வீட்டு மாடிப்படியில் அவள் கைப்பிடியைப் பிடித்து ஏறுவது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மேடைக்குப் பின்னால் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத்தாங்க கிடைச்சிருக்கு! எப்படி இருந்துச்சு?"

ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினார்.

"குதிச்சப்பல்லாம் வலது கால்தான் முதல்ல இறங்குச்சு. இடது காலால சுத்த வேண்டிய இடத்துல வலது காலால சுத்தின. இடது முட்டி எப்பலேர்ந்து வலிக்குது?"

சிரிப்பு அப்படியே இருக்க, அவள் கண்கள் நிறைந்தன.

"இத்தனை வருஷமா சொன்னீங்களே... இன்னிக்கு ஒரு நாள் சூப்பர்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் அவள் பையை வாங்கிக்கொண்டார். வெளிப்படிக்கட்டில் வந்து நின்றதும், குழுக்காரர்கள் யாராவது வருகிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை. அவர் தோளில் கையை வைத்து முழுப் பாரத்தையும் போட்டாள்.

"நாளைக்கு இயக்குநர்கிட்ட முட்டி விஷயத்தை நானே சொல்லிடறேன்."

அவர் தலையாட்டினார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்தபடி, ஒவ்வொரு படியாக இறக்கிக் கூட்டிப்போனார்.