மைக் இல்லாத மேடை

லண்டனில் தமிழர் விழாக்களுக்கு சவுண்ட் போடுகிறவன் கிளின்ரன். கலியாணமோ சாமத்தியவீடோ, ஸ்பீக்கர் நெஞ்சை அதிர வைக்காவிட்டால் அது விழாவே இல்லை என்பது அவன் கட்சி.

மனைவி பிறேமினிக்கு வேலையிடத்தில் ஒபெரா இசைநாடகத்துக்கு இரண்டு டிக்கெட் கிடைத்தன. அவனையும் இழுத்துக்கொண்டு போனாள். இருக்கைகள் உச்சி மாடியில். உட்கார்ந்ததுமே கிளின்ரன் ஸ்பீக்கர்களைத் தேடினான்.

“எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறாங்கள்?”

“மைக்கே இல்லையாமப்பா. வெறும் தொண்டைதான்.”

“இவ்வளவு பெரிய ஹோலுக்கோ? விசர்க்கதை.”

இடைவேளை வரைக்கும் அவன் மேடையை விடக் கூரையைத்தான் அதிகம் பார்த்தான்.

கடைசிக் காட்சியில் கதாநாயகி சாகக் கிடந்தபடி பாடினாள். குரல் இறங்கி இறங்கி மூச்சளவுக்கு வந்தது. வால்யூமைக் கூட்டும் பழக்கத்தில் கிளின்ரனின் விரல்கள் முழங்கால்மேல் இல்லாத குமிழைத் திருகின. தேவைப்படவில்லை. அத்தனை சனமும் இருமலைக்கூட அடக்கிக்கொண்டிருக்க, அந்த மூச்சு உச்சி மாடி வரை தானாகவே ஏறி வந்தது.

 

அடுத்த சனிக்கிழமை டூட்டிங்கில் ஒரு பிறந்தநாள் விழா. சனம் கதைத்துக்கொண்டும் ரோல்ஸ் கடித்துக்கொண்டும் இருந்தது. பாட வந்த பெண் பாட்டைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

“அண்ணை, சவுண்ட் காணாது. கூட்டுங்கோ.”

கிளின்ரன் வால்யூமை அரைவாசியாகக் குறைத்தான்.

“காணும், தங்கச்சி. நீங்கள் பாடுங்கோ. சனம் வாயைப் பொத்தட்டும்.”