காலித் தறி

எங்கள் கல்யாண நாளன்று என் வீட்டுக்காரர் தறியாக மாறினார்.

எல்லாம் எங்கள் மகன் சுபியானால். ஒன்றேகால் வயது. காலையில் ஒரு தூக்கம், மத்தியானம் ஒரு தூக்கம் என்று ராஜா மாதிரி தூங்கியவன், போன வாரம் காலைத் தூக்கத்தை ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டான். அந்தத் தூக்கத்தை நம்பித்தான் நானும் ரியாஸும் ஒரு திட்டம் போட்டிருந்தோம். அவன் பிறந்ததிலிருந்து நாங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சூடாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. ஒருவர் சாப்பிட்டால் மற்றவர் அவன் பின்னால் ஓடவேண்டும். கல்யாண நாளன்றாவது சேர்ந்து சாப்பிடவேண்டும். அன்று ராத்திரியே ஜரிகை வாங்க ரியாஸ் சூரத்துக்கு ரயிலேறுகிறார். எங்கள் ஜரிகைக் கடைக்கு அரைநாள் லீவு. அடுப்பில் பிரியாணி தம்மில்.

"தறிச் சத்தம் இல்ல சாய்மா. அதான் தூங்க மாட்டேங்கிறான்" என்றார் ரியாஸ்.

பக்கத்து வீட்டு முனிரத்தினம் அண்ணனின் தறி ஒரு வாரமாக ஓடவில்லை. தறியில் ஏற்றிய பழைய பாவு நூல் முடிந்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதனோடு பிணைத்துக்கொண்டிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அந்தத் 'தடக் தடக்'கைக் கேட்டே தூங்கிய பிள்ளை. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரியாஸ் மதில் பக்கம் போனார்.

"அண்ணே, கொஞ்ச நேரம் சும்மா தட்டுங்கண்ணே. புள்ள தூங்கணும்."

"பாவு பிணைச்சிக்கினு இருக்கோம்பா. மத்தியானத்துக்கு மேலதான் தறி ஓடும்."

"வெறும் சத்தம் வந்தா போதும்ணே!"

"ஏம்பா, காலித் தொட்டில ஆட்டக்கூடாதுன்னு உங்க வீட்லயும் சொல்லுவாங்க இல்ல? காலித் தறியும் அப்பிடித்தான். வேணும்னா நீயே வாயால தட்டிக்கோ!"

அவர் சொன்னது கிண்டல். என் வீட்டுக்காரர் அதை யோசனையாக எடுத்துக்கொண்டார்.

பிள்ளையை இறக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்து, சோற்றுக் கரண்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் எறிந்து, "தடக்... தடக்..." என்று ஆரம்பித்தார். சுபியான் கண்ணை அகல விரித்தான். பிறகு கைதட்டினான். நிறுத்தினால் "த்தா! த்தா!" என்று அப்பா முழங்காலில் அடித்தான். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து முனிரத்தினம் அண்ணன் மனைவி மஹாலட்சுமி அக்கா குரல் கொடுத்தார்.

"இன்னாப்பா ரியாஸு, எத்தினி முழம் ஆச்சு?"

"முந்தி வரைக்கும் வந்துட்டேன்க்கா!"

நான் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பிள்ளையை நன்றாகப் பார்த்தேன். கண்ணைக் கசக்கவில்லை, சிணுங்கவில்லை. தூக்கம் கெட்ட பிள்ளை இப்படியா சிரிக்கும்? இந்த வாரம் முழுக்க, மத்தியானம் பருப்புச் சோறு இறங்கியதும் அடித்துப் போட்டதுபோல நெடுநேரம் தூங்கினானே! அப்போது மட்டும் தறி ஓடியதா என்ன?

"என்னங்க, போதும். தறி நின்னதால இல்ல. இவன் வளந்துட்டான். ரெண்டு தூக்கத்தையும் சேத்து ஒண்ணா ஆக்கிட்டான். தறி நின்னதும் அதே வாரம்ங்கறதால, நாமதான் ரெண்டையும் தப்பாப் பிணைச்சுட்டோம்."

அவர் கரண்டியோடு மூச்சு வாங்கினார். "அப்ப நான் நெய்ஞ்ச பொடவ?"

"அத நானே கட்டிக்கிறேன்."

பிரியாணியைத் திறக்காமல் வைத்தேன். சுபியானுக்கு மட்டும் முதலில் சோறு. கடைசி வாய் உள்ளே போவதற்குள் அப்பா தோளில் தலை சாய்ந்தது. பாயில் போடக் குனிந்தால் சட்டையை இறுக்கிப் பிடித்தான். கடைசியில் ரியாஸ் இரண்டு கையாலும் அவனைத் தாங்கியபடி அசையாமல் உட்கார்ந்தார்.

நான் எதிரே உட்கார்ந்து தம்மைத் திறந்தேன். ஆவி பறந்தது. ஒரு வாய் ஊட்டினேன்.

"சூடா இருக்குது" என்றார் கிசுகிசுப்பாக, சூரத்தையே ஜெயித்துவிட்டவர் மாதிரி. "கல்யாணத்தன்னிக்கி ஊட்டச் சொன்னப்ப ஓடினியே?"

"அன்னிக்கு ஊரே பாத்துக்கினு இருந்தது."

அடுத்த வாயை எடுத்தேன். பக்கத்து வீட்டில் 'தடக்' என்றது. என் கை அந்தரத்தில் நின்றது. தடக், தடக். சுபியான் அசையவே இல்லை.

மதில் பக்கமிருந்து முனிரத்தினம் அண்ணன் முழுத் தொண்டையில் கூப்பிட்டார். "ரியாஸு! தறி ஓடுதுப்பா! புள்ளைய இட்டுனு வா, தூங்க வைக்கலாம்!"

சிரிப்பை அடக்கி அடக்கி ரியாஸின் தோள் குலுங்கியது. அதன்மேல் ஏறி இறங்கியபடி சுபியான் தூங்கிக்கொண்டே இருந்தான்.