அச்சு நின்றாலும்

புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில் இருந்த அந்தச் சிறிய கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. யார் எழுதிய புரோகிராம் அங்கே தயாராகும் மானிட்டரை முடக்குகிறதோ, அவர் எல்லோருக்கும் வடா பாவ் வாங்கித் தரவேண்டும். அந்த வாரம் மூன்றாவது நாளாக முகமது இஸ்மாயில் எண்ணெய் ஊறிய பொட்டலத்தோடு உள்ளே வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. குழுவின் மூத்த இன்ஜினியர் ஸ்ரீலக்ஷ்மிக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. கேலி நின்றுவிட்டால் அவன் வேலைக்கு ஆபத்து என்று அர்த்தம்.

நோயாளியின் கட்டில் பக்கத்தில் வைக்கும் மானிட்டர் அது. நாடித் துடிப்பைத் திரையில் கோடாக ஓட்டும். கேட்டால் காகிதத்தில் அச்சிட்டும் தரும். அச்சுப் பகுதி இஸ்மாயிலுடையது. அதில் பிடிபடாத பிழை ஒன்று. அச்சு சிக்கும்போதெல்லாம் நாடிக்கோடும் உறைந்து போயிற்று. இயந்திரத்தின் எல்லாப் பகுதிகளையும் ஆளும் பழைய கெர்னலில் அச்சு, திரை, நாடி எல்லாம் சுவரே இல்லாத ஒரே கூடத்தில் குடியிருந்தன. ஒருவர் அடுப்பு தீப்பிடித்தால் வீடே எரியும்.

"ஆளை மாத்திட்டாப் போச்சு," என்றார் மேனேஜர் கோவிந்தராஜன். "சனிக்கிழமை மெஷினைப் பார்க்க டாக்டர் வரார்மா."

"அடுத்து வர்றவர் தப்பே பண்ண மாட்டாரா சார்?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "ரெண்டு நாள் குடுங்கோ. மைக்ரோகெர்னல்ல, ஒவ்வொண்ணையும் தனியாப் பிரிச்சுப் போட்டுக் காட்டறேன்."

"அரே, அது ஒவ்வொண்ணுக்கும் கடுதாசி போட்டுண்டு உக்காந்திருக்கும். ஆமை!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒரே கூடத்தில் கையை நீட்டினால் பொருள் கிடைக்கும். தனித்தனி அறையென்றால் கதவைத் தட்டித்தான் கேட்கவேண்டும். அந்தத் தட்டல்களைக் குறைப்பதிலேயே ஸ்ரீலக்ஷ்மியின் இரண்டு நாளும் போயின. நாடிக்கு ஓர் அறை, திரைக்கு ஒன்று, அச்சுக்கு ஒன்று. நடுவில் கெர்னலுக்குத் தபால்காரர் வேலைதான் பெரும்பாலும். விழுந்த அறையை எழுப்பி நிறுத்த ஒரு காவலாளி. இஸ்மாயிலின் பகுதியைப் பிழையோடு அப்படியே குடிவைத்தாள். மனிதன் தவறுவான் என்று தெரிந்துதானே பகவான் மன்னிப்பை வைத்திருக்கிறார். இயந்திரத்துக்குள்ளும் அதற்கு ஓர் இடம் ஒதுக்க முடியும் என்று நம்பினாள்.

வெள்ளிக்கிழமை மாலை கோவிந்தராஜன் வந்து, உட்காராமல் நின்றார். நாடி பார்க்கும் கிளிப்பை ஸ்ரீலக்ஷ்மி தன் விரலில் மாட்டப் போனாள்.

"குடுங்க மேடம், நான் மாட்டிக்கிறேன்," என்று இஸ்மாயில் வாங்கிக்கொண்டான். மறு கையால் அச்சுப் பொத்தானை அமுக்கினான்.

காகிதம் இரண்டு அங்குலம் வந்து சிக்கியது. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நொடியில் அச்சும் தானே எழுந்துகொண்டது.

"கோடு கொஞ்சம் பின்தங்கறதே?"

"கண்ணை மூடித் திறக்கற நேரம்தான் சார்," என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "நின்னு போகலையே. அதையும் குறைச்சுடறேன்."

கோவிந்தராஜன் இஸ்மாயில் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை அமுக்குப்பா," என்றார்.

அமுக்கினான். சிக்கியது, எழுந்தது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை கோவிந்தராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கருகில் உட்கார்ந்தார். இஸ்மாயிலின் பயம் முழுவதும் அந்தப் பச்சைக் கோட்டில் ஒளிவுமறைவின்றித் தெரிந்தது. நெருக்கியடித்துக்கொண்டு வந்த மேடுகள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்றுக்கொன்று சிறிது இடம் விட்டு விலகத் தொடங்கின.