அவர் ஏறிய ஏற்றம்

நீர்த்தேக்கத்துக்குப் போகும் சாலையில், கடைசி வளைவைத் தாண்டி வருகிற ஏற்றத்தில் அவள் உயிரைக் கொடுத்து சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தபோது, கைப்பிடியில் மாட்டியிருந்த மீட்டர் ‘கீங்’ என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நின்றுபோனது. பழுது ஒன்றும் இல்லை. அவள் போன வேகத்தைப் பார்த்து, ஆள் இறங்கிவிட்டாள் என்று அதுவாகவே முடிவு செய்துகொண்டது. வண்டி நின்றால் கணக்கும் தானாக நிற்கும்படி அதை அமைத்து வைத்திருந்தார் அவள் கணவர். வேர்வை கண்ணில் இறங்குகிறது, தொடை இரண்டும் பற்றி எரிகிறது, உள்ளங்கை அகலம்கூட இல்லாத இந்தச் சாமானோ ‘ஓய்வு’ என்று திரையில் எழுதிக் காட்டுகிறது. அந்த எரிச்சலில் ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டாள். அது சொன்னது உண்மையாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த கணவர் கேட்டார்.

“கடைசி வளைவு தாண்டி ஏன் நின்னுட்ட?”

“நான் நிக்கல. அதுதான் நின்னுச்சு.”

“அது சும்மா நிக்காது. வளைவுக்கு முன்னாடியே கியரைக் குறைச்சிடணும். நீ வளைஞ்சு முடிச்சப்புறம் குறைக்கற.”

அவள் குளிக்கப் போனாள். ஒவ்வொரு ஞாயிறும் இதே கதைதான். எங்கே மூச்சு வாங்கினாள், எந்த இடத்தில் இதயம் படபடத்தது, இறக்கத்தில் எவ்வளவு பயந்தாள் என்று அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். நெஞ்சைச் சுற்றிக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, பெடலில் ஒட்டிய ஒரு சின்னக் கருவி, கைப்பிடியில் அந்த மீட்டர் என்று, சேணம் பூட்டாத குறையாக அவளை வெளியே அனுப்புவார். தெருவில் அடி வைத்ததும் மூன்றும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு கீச்சிடும்.

அதெல்லாம் அவருடைய சாமான்கள். சைக்கிளும் அவருடையதுதான். கட்டட வரைபடங்கள் போடுகிற வேலை அவருக்கு. வாரம் முழுக்கக் குனிந்த தலை நிமிராது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. ஏழெட்டு நண்பர்கள் சேர்ந்து கிளம்பிவிடுவார்கள். போன வருஷம் ஒரு காலையில் படுக்கையிலிருந்து எழுந்தவருக்கு வீடே சுற்றியது. உள்காதில் கோளாறு என்றார்கள். மருந்தில் சுற்றல் அடங்கியது, ஆனால் நிதானம் திரும்பவில்லை. நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், இரண்டு சக்கரத்தில் மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சுவரோரம் சாய்த்து வைத்த சைக்கிளை அவர் தினமும் துடைப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் அவள்தான் கேட்டாள், நான் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று. அதுவரை அவள் சைக்கிளில் கடைத்தெருவைத் தாண்டிப் போனதில்லை. அவர் முகம் மலர்ந்துபோய், அன்றைக்கே இருக்கையைத் தாழ்த்தி, ஒவ்வொரு திருகாணியையும் சரிபார்த்துக் கொடுத்தார். மனுஷனால் ஓட்ட முடியவில்லை, கணக்கையாவது பார்த்துக்கொண்டிருக்கட்டும் என்றுதான் அவளும் அந்தப் பட்டையையும் மீட்டரையும் பொறுத்துக்கொண்டாள்.

போகப்போக அவளுக்கே அது பிடித்துப்போனது. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றபடி மற்றவர்கள் மூக்குக்கும் காதுக்கும் பிரேம் வளைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலையில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை. கால் ஊன்றாமல் அந்த ஏற்றத்தை ஒரு தடவையாவது ஏறிவிட வேண்டும் என்று அவளுக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஏறியும்விட்டாள். ஒருநாள் மழை பெய்து ஓய்ந்த காலை. திரையைப் பார்த்தால்தானே கோபம் வருகிறது என்று மீட்டரின் மேல் கைக்குட்டையைச் சுற்றிவிட்டு, முன் சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தாள். எப்போது ஏற்றம் முடிந்தது என்றே தெரியவில்லை. பெடல் திடீரென்று லேசானபோதுதான் தலையை நிமிர்த்தினாள். நீர்த்தேக்கம் கண் முன்னால் கிடந்தது. அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு தனியாகச் சிரிப்பதை நினைத்து இன்னும் சிரித்தாள்.

வீட்டில் அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “பரவாயில்ல, நல்லாத்தான் போயிருக்கு” என்றார். அவ்வளவுதான். அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அடுத்த வாரம் கடைக்குப் ‘பிரேக்கு’ வந்தான். அவர் சைக்கிள் கூட்டத்தில் இளையவன், பல் டாக்டர். இறக்கத்தில் பிரேக்கை விடவே மாட்டான் என்பதால் அந்தப் பெயர். மூக்குக் கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது என்று நீட்டினான். அவள் சின்னத் திருகாணியை இடுக்கியால் எடுத்துத் துளைக்கு நேராகக் கொண்டுபோகும்போது சொன்னான்.

“அண்ணனுக்குக் காது சரியானது ரொம்பச் சந்தோஷம் அண்ணி. அந்த ஏத்தத்துல இந்த மாசம் எங்க எல்லாரையும் விட அவர்தான் முதல். நாங்க வாயைப் பிளந்துட்டோம்.”

திருகாணி கையை விட்டு எங்கேயோ போய் விழுந்தது. அதைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டாள். நிமிர்ந்ததும், எங்கே காட்டுங்க தம்பி என்றாள், சாதாரணமாகக் கேட்பது போல. அவன் செல்போனில், கூட்டத்தில் எல்லோரும் தங்கள் பயணக் கணக்கைப் போட்டுக்கொள்கிற செயலியைத் திறந்து நீட்டினான். ஹெல்மெட் போட்ட கணவரின் பழைய படம். பக்கத்தில் அவர் பெயர். கீழே அவள் போன பாதை, வளைவுகளோடு, கோடாக. மழை ஓய்ந்த அந்தக் காலை. அதற்கு வரிசையாக வாழ்த்துகள். அதற்கெல்லாம் அவர் எழுதியிருந்தார்: ‘மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வருகிறேன். எல்லோருக்கும் நன்றி.’

அவள் வேறு திருகாணியைப் போட்டு, கண்ணாடியைத் துடைத்து, அவன் முகத்தில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பினாள். உண்மையைச் சொல்லவில்லை. புருஷனை இன்னொருத்தன் முன்னால் விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. அவன் போன பிறகு அதுதான் அதிகமாக எரிந்தது. தானும் சேர்ந்து மூடி மறைத்தது போல ஆகிவிட்டதே.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். அவர் முதலில் என்னென்னவோ சொன்னார். மீட்டர் ஆரம்பத்திலிருந்தே தன் பெயரில்தான் இருக்கிறது, வீட்டுக்குள் நுழைந்ததும் அதுவாகவே எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறது, தான் ஒன்றும் செய்யவில்லை என்று. அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, அந்தச் சப்பைக்கட்டை அவராகவே நிறுத்தினார்.

“முதல் தடவை ஒருத்தர் வாழ்த்துச் சொன்னாரு. திருத்தணும்னுதான் நினைச்சேன். அதைப் படிச்சதும், அன்னைக்கு ஒரு நாள், நான் வீட்டுல முடங்கிக் கிடக்கற ஆள் இல்லன்னு இருந்துச்சு. அப்புறம் திருத்த முடியல.”

“அந்த ஏத்தத்தை ஏறினது யாருங்க?”

“நீதான்.”

“அதை அங்க எழுதுங்க.”

எழுதுகிறேன் என்றார். மறுநாள் எழுதியும்விட்டார். பிரேக்கு அதைக் கடைக்கு வந்தே காட்டினான், கண்ணாடிக் காலில் ஒரு குறையும் இல்லாதபோதும். ‘இனிமேல் இந்தப் பாதையில் என் மனைவி ஓட்டுவார். உங்கள் ஆதரவு தேவை’ என்று இருந்தது. இனிமேல். அந்த ஒரு வார்த்தையை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். கீழே அத்தனை பேரும் அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தார்கள்: உச்சத்தில் இருக்கும்போது வீட்டுக்காரிக்கு விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும், அண்ணி நிதானமாகத் தொடங்கட்டும், முதலில் சமதரையில் பழகட்டும்.

“நீங்களும் இந்த ஞாயிறு எங்களோட வாங்க அண்ணி. ஏத்தம் வரைக்கும் வர வேண்டாம், கீழேயே உட்கார்ந்துக்கலாம்” என்றான்.

வருகிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எல்லோரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். கணவர் கதவருகே நின்று கையசைத்தார். நீங்களும் கிளம்புங்க அண்ணே என்று ஒருவர் கூப்பிட்டதற்கு, இன்றைக்கு உடம்பு சரியில்லை என்று மென்று முழுங்கினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சுப் பட்டையை வேண்டுமென்றே வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

ஏற்றத்தின் அடியில் அவளுக்கென்று ஒரு மர நிழலைக் காட்டினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் மிதித்தாள். வளைவுக்கு முன்னாலேயே கியரைக் குறைத்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்கும் கோபம் வந்தது. பாதி ஏற்றத்துக்குள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். பிரேக்கு மட்டும் மூச்சிரைக்க ஒட்டிக்கொண்டு வந்தான். இன்னும் கொஞ்ச தூரம்தான். மழை ஓய்ந்த அந்தக் காலையில் இருந்த வலு கால்களில் இன்றைக்கும் இருந்தது. அப்போது பின்னாலிருந்து அவன் சொன்னான்.

“அண்ணன் சூப்பரா சொல்லிக் குடுத்திருக்காரு அண்ணி.”

அவள் பிரேக் பிடித்தாள். ஏற்றத்தின் நடுவே, இரண்டு காலையும் தரையில் ஊன்றித் திரும்பினாள்.

“அவர் சொல்லிக் குடுக்கல. போன வருஷத்துலேருந்து அவர் சைக்கிள்ல ஏறவே இல்ல. காது சரியாகல. நீங்க பார்த்ததெல்லாம் நான் ஓட்டினது. அந்த முதல் இடமும் நான்தான்.”

மூச்சு வாங்கியதில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. பின்னால் வந்தவர்களும் வந்து நின்றார்கள். அவள் இன்னொரு தடவை, முழுதாகச் சொன்னாள். பிறகு கூட்டத்தில் மூத்தவர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம் மனுஷன். உள்ளுக்குள்ள எவ்வளவு உடைஞ்சு போயிருந்தா இப்படிச் செஞ்சிருப்பாரு.”

ஆமாம் பாவம் என்றார்கள் எல்லோரும். நாம் போய்ப் பார்க்காமல் விட்டது தப்பு, சாயங்காலம் ஒரு எட்டுப் போய் வரலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். ஏற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. நின்ற இடத்திலிருந்து அந்தச் சரிவில் மறுபடி ஏறி மிதிக்க வராமல், மிச்சத் தூரத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தாள்.

அவள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அவருடைய செல்போன் மேசையில் கவிழ்ந்து கிடந்து விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது.

“சொல்லிட்ட போல.”

“சொல்லிட்டேன்.”

அவர் அதற்குக் கோபப்படவில்லை. வேலை ஒன்றை முடித்த ஆளைப் போல மடிக்கணினியை மூடினார். “எல்லாத்தையும் அழிச்சிட்டேன். என் பேர்ல இருந்த, நீ ஓட்டினது எல்லாம். இனிமே யாரும் என்னை ஏமாத்துக்காரன்னு சொல்ல முடியாது.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெல்லத்தான் கேட்டாள். “மழைக்கு அப்புறம் ஒருநாள் ஏறினேனே. அதுவுமா?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவசரமாக மீட்டரைக் கழற்றிக் கம்பியில் இணைத்துத் தேடினார். சமீபத்திய பயணங்கள் சிலவற்றைத்தான் அது ஞாபகம் வைத்திருக்குமாம். அந்தக் காலை அதில் இல்லை. அவர் தேடிக்கொண்டே இருந்தார். அவள் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள். எல்லாமே கைக்கு வந்து கைக்கு வந்து நழுவுகிற ஆத்திரம்தான் அப்படி வந்தது. தன் பெயரில் இருந்ததை அழிக்கும்போதும் அவர் தன்னை மட்டுமே நினைத்திருக்கிறார்.

சாயங்காலம் நண்பர்கள் பழங்களோடு வந்தார்கள். அவள் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, கடையில் சரக்கு எடுத்து வைக்க வேண்டும் என்று கிளம்பிப் போய்விட்டாள்.

சில நாள் வீட்டில் பேச்சு உப்புக் கேட்கவும் கதவு பூட்டவும் மட்டும்தான். அதற்கிடையே அவள் அந்தச் செயலியில் தன் பெயரில் ஒரு கணக்கைத் தானே தொடங்கினாள். தட்டுத்தடுமாறித்தான் தொடங்கினாள், அவர் உதவட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றாள். அது காலியாக இருந்தது. ஒருநாள் அவர் கூட்டத்துக்கு மறுபடி எழுதினார், இந்தத் தடவை ஒளிவுமறைவு இல்லாமல்: ஓட்டியது முழுக்க அவள், தான் சொன்னது பொய், அந்த முதல் இடம் அவளுடையது என்று. அனுப்புவதற்கு முன் அவளிடம் படித்துக் காட்டினார். அவள் தலையசைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பதில்கள் வந்து குவிந்தன. ‘தப்பை ஒத்துக்கொள்ள ஒரு பெரிய மனசு வேண்டும் அண்ணே.’ ‘உங்களைப் போல ஒருத்தரைப் பார்க்க முடியாது.’ இடையில் எங்கோ ஒருவர், அண்ணிக்கும் வாழ்த்து என்று போட்டிருந்தார்.

அவர் வெட்கப்பட்டுப்போய் செல்போனை அவளிடம் நீட்டினார். அவள் படித்தாள். சிரிப்பும் வந்தது, போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கவும் தோன்றியது. திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைச் சாவியைத் தேடினாள்.

“அந்த மழைநாள் ஏத்தம்,” என்றார் அவர், தயங்கித் தயங்கி. “எப்படி இருந்துச்சு உனக்கு? நான் கேட்கவே இல்ல.”

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். சொல்ல எவ்வளவோ இருந்தது.

“இன்னைக்குச் சொல்ற மனசு இல்லைங்க.”

“நாளைக்கு?”

“பார்க்கலாம்” என்றாள். கடை திறக்க நேரமாகிவிட்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு படி இறங்கினாள்.